கல்யாணம் நிச்சயம், வேலை?

காலை மணி 4-15. அலாரம் அடிக்கிறது. அந்தப் பெண் எழுந்துகொள்கிறாள்.

குளிக்கிறாள். தலையை இறுக்கிப் பின்னிக்கொள்கிறாள். ஆலைக்குள் போனதும் கூந்தல் முழுவதையும் தொப்பிக்குள் மறைக்க வேண்டும். அங்கே பூ வைக்க முடியாது. வளையல் போட முடியாது. அம்மா கொடுத்த காபியை நின்றபடியே குடிக்கிறாள். 5 மணிக்கு டீக்கடை முனையில் கம்பெனி பஸ் வரும். அப்பா டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கூடவே வருகிறார். பஸ் கிளம்பிய பிறகுதான் அவர் வீட்டுக்குத் திரும்புகிறார்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் இது தினமும் நடக்கிறது. அந்தப் பஸ்கள் ஓசூருக்குப் போகின்றன. காஞ்சீபுரம், திருவண்ணாமலைப் பக்கம் போனால், அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகின்றன. செல்போன் ஆலை, மோட்டார் ஆலை, பனியன் கம்பெனி, செருப்புத் தொழிற்சாலை என்று எங்கே பார்த்தாலும் பெண்கள். 2019-20-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொழிற்சாலைகளைக் கணக்கெடுத்தது. இந்தியா முழுவதும் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களில், 100-க்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள்.

நாம் சொல்லும் பெண்ணும் அவர்களில் ஒருத்தி. அவளுக்குப் பெயர் வைக்க வேண்டாம். உங்கள் தெருவிலேயே அவள் இருப்பாள். வயது 22. பாலிடெக்னிக்கில் படித்தாள். வேலைக்குச் சேர்ந்து 14 மாதம் ஆகிறது.

சேர்ந்த புதிதில் கால் வீங்கியது. எட்டு மணி நேர வேலையில் பெரும்பகுதி நின்றுகொண்டே செய்ய வேண்டும். இரவு ஷிப்டு வந்த முதல் வாரம் பகலில் தூக்கம் வரவில்லை. "வேண்டாம், வந்துவிடு" என்று அம்மா சொன்னாள். அவள் விடவில்லை. மூன்றாவது மாதம் வேலை கைக்குப் பிடிபட்டது. இப்போது புதிதாக வரும் பெண்களுக்கு அவள்தான் வேலை கற்றுக்கொடுக்கிறாள். "அக்கா, இந்தத் திருகு சரியா பாருங்க" என்று அவளைவிட மூத்த பெண்ணே கேட்கிறாள்!

முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு பிரஷர் குக்கர். அப்பாவுக்கு வேட்டி, சட்டை. தம்பிக்குக் காலேஜ் பீஸ். மீதியில் சீட்டு கட்டுகிறாள். தனக்கு என்று வாங்கிக்கொண்டது ஒரு ஜோடி செருப்புதான். நின்று நின்று கால் வலிக்காத செருப்பு.

அவளுடைய ஏ.டி.எம். கார்டு அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. அப்பா கெட்டவர் அல்ல. குடிப்பவரும் அல்ல. வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டுகிறார். மகள் பணத்தில் ஒரு காசு வீணாக்கவில்லை. ஆனால், கார்டு யாரிடம் இருக்க வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம். மாப்பிள்ளை சேலத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண்ணுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. பெரியவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

"பொண்ணு என்ன சம்பளம் வாங்குது?" என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார்.

அப்பா சொன்னார்.

"பரவாயில்லையே! கல்யாணத்துக்கு அப்புறம் வேலை எல்லாம் வேண்டாம். நம்ம வீட்ல பொம்பளைங்க ராத்திரி ஷிப்டு போற வழக்கம் இல்லை" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அதுக்கென்ன சம்மந்தி, உங்க இஷ்டம்" என்றார் அப்பா.

பேச்சு உடனே நகைக்குப் போயிற்று. எத்தனை பவுன் என்பதைப் பேச ஒரு மணி நேரம் பிடித்தது. வேலையை முடிவு செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பெண் உள்ளே இருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. அவள் கையில் காலி டம்ளர்கள் இருந்த தட்டு.

வாசகர்களே, இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. ஆனாலும் 14 மாதம் கால் வீங்கச் சம்பாதித்துக் கற்ற தொழில் ஒன்று, "அதுக்கென்ன" என்ற ஒரே சொல்லில் போயிற்று.

வேறு விதமான வீடுகளும் உண்டு. "எங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்தான் வேண்டும்" என்று தரகரிடம் சொல்லி அனுப்புவார்கள். கேட்க நன்றாக இருக்கும். கல்யாணம் ஆன மறுமாதமே சம்பளக் கணக்கு கேட்பார்கள். அப்பாவின் சட்டைப் பையில் இருந்த கார்டு கணவனின் சட்டைப் பைக்கோ, மாமியாரின் சுருக்குப் பைக்கோ மாறும். வரதட்சணை வாங்கக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. இவர்கள் அதை மாதத் தவணையில் வாங்கிக்கொள்கிறார்கள்!

வேலையை விடு என்பது ஒரு வீடு. வேலைக்குப் போய்ச் சம்பளத்தைக் கொடு என்பது இன்னொரு வீடு. இரண்டும் வேறு வேறு போலத் தோன்றும். இரண்டு வீட்டிலும் அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை.

சர்க்காரும் இப்படித்தான் இருந்தது

"கல்யாணமா, வேலையா?" என்ற கேள்வியை வீடுகள் மட்டும் கேட்கவில்லை. சர்க்காரே கேட்டது.

அன்னா ராஜம் என்ற கேரளப் பெண் 1951-ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். பணிக்குத் தேர்வானார். இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி அவர். நம் சென்னை மாகாணத்துக்கு வந்தார். அப்போது முதலமைச்சராக இருந்தவர் ராஜாஜி. அன்னா ராஜத்துக்குக் கொடுத்த நியமன உத்தரவில் ஒரு வரி இருந்தது. கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்பது அதன் பொருள். ஆண் அதிகாரி யாருக்கும் அப்படி ஒரு வரி இல்லை. பின்னர் அந்த விதி மாற்றப்பட்டது. அவர் கல்யாணமும் செய்துகொண்டார். பெரிய பதவிகளும் வகித்தார்.

வெளிநாட்டுத் தூதரகப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. குடகு நாட்டைச் சேர்ந்தவர். சென்னையில் படித்தவர். அவருடைய துறையில் பெண் அதிகாரிகளுக்கு மட்டும் ஒரு விதி இருந்தது. கல்யாணம் செய்ய முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலையைப் பாதிக்கிறது என்று சர்க்கார் நினைத்தால், ராஜினாமா செய்யச் சொல்லலாம். முத்தம்மா உச்சநீதிமன்றத்துக்குப் போனார். 1979-ஆம் ஆண்டு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதியைக் கடுமையாகக் கண்டித்தார். ஆணுக்கும் குடும்பம் உண்டு அல்லவா?

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். இராணுவ மருத்துவமனை நர்ஸ் ஒருவர் கல்யாணம் செய்துகொண்ட காரணத்தால் 1988-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார். 60 லட்ச ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 பிப்ரவரியில். 36 வருஷம்! அதே 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம், சென்னைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பெரிய செல்போன் ஆலையில், கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ஒரு செய்தி வெளியாயிற்று. கம்பெனி அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது.

நம் மாநில அரசின் போக்கிலும் ஒரு மாற்றம் வந்ததைக் கவனித்தீர்களா? ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு உதவ, 1989-ஆம் ஆண்டு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. பிற்பாடு தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். 2022-ஆம் ஆண்டு அந்தத் திட்டத்தையே படிப்புக்கு உதவும் திட்டமாக மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் காலேஜில் சேர்ந்தால், மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். தாலிக்குத் தங்கம் போய்விட்டதே என்று வருத்தப்பட்ட தாய்மார்கள் உண்டு. அவர்கள் வருத்தத்திலும் நியாயம் இருந்தது. ஒரு பவுனுக்கு ஏழை வீடு எத்தனை மாதம் உழைக்க வேண்டும்!

இதைப் பேசிக்கொள்ளுங்கள்

சரி, அந்த வீட்டுக்குத் திரும்புவோம். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தாம்பூலத் தட்டு இன்னும் மாறவில்லை. பேச நேரம் இருக்கிறது.

முதலில் பெண்ணைக் கேட்க வேண்டும். "உனக்கு இந்த வேலை வேண்டுமா?" என்று கேட்க வேண்டும். அவள் வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆலை வேலை சொர்க்கம் அல்ல. பல இடங்களில் ஒப்பந்த வேலைதான். எப்போது நிறுத்துவார்கள் என்று சொல்ல முடியாது. "எனக்குப் போதும். ஆறு மாதம் ஓய்வு வேண்டும். பிறகு டீச்சர் வேலைக்குப் படிக்கப் போகிறேன்" என்று அவள் சொன்னால், அதுவும் சரிதான். அவள் வாயால் சொன்னால் போதும்.

அவள் வேண்டும் என்று சொன்னால், பேச வேண்டியவை நிறைய இருக்கின்றன. மாப்பிள்ளைக்குச் சேலத்தில் வேலை. பெண்ணுக்கு ஓசூரில். எங்கே குடியிருப்பது? தருமபுரியில் வீடு பார்த்தால் இருவருக்கும் நடுவழி ஆகும். அல்லது மாப்பிள்ளை ஓசூரில் வேலை தேடலாம். "பையன் பெண் இருக்கும் ஊருக்குப் போவதா?" என்று மூக்கைச் சுளிக்க வேண்டாம். அங்கே நூற்றுக்கணக்கான ஆலைகள் இருக்கின்றன.

ராத்திரி ஷிப்டு பற்றி மாப்பிள்ளையின் அம்மா சொன்னாரே, அந்தப் பயம் பொய் அல்ல. அதைத் தள்ளிவிடக் கூடாது. பஸ் வீட்டு முனை வரை வருகிறதா, ஆலையில் புகார்க் குழு இருக்கிறதா என்று அவர் கேட்கட்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். முடிந்தால் ஒருநாள் காலை 5 மணிக்கு அந்த டீக்கடை முனைக்கு வந்து பார்க்கட்டும். முப்பது நாற்பது பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு பஸ் ஏறுவதைப் பார்ப்பார்.

காலை ஷிப்டு என்றால் 4 மணிக்கு எழ வேண்டும். அப்போது அடுப்பு யார் பற்ற வைப்பது? இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. இதை யாருமே கேட்பதில்லை. கல்யாணமான மூன்றாவது மாதம் இதில்தான் சண்டை வருகிறது. மாப்பிள்ளைக்குச் சோறு வடிக்கத் தெரியுமா? தெரியாது என்றால், கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. கற்றுக்கொள்ளலாம். இட்லி ஊற்றுவது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைவிடச் சுலபம். இதை எழுதுபவருக்கு அனுபவம் உண்டு.

குழந்தை பிறந்தால்? 2017-ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். முதல் இரண்டு பிரசவத்துக்கும் 26 வாரம் விடுப்பு உண்டு. அந்த நாட்களுக்குப் பணமும் உண்டு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் வந்தது. வேலையை விட்டுவிட்டால் இவை எதுவும் கிடையாது.

பிறகு பணம். சம்பளம் அவள் பெயரில் உள்ள பாங்கிக் கணக்கில் வரட்டும். கார்டு அவளிடம் இருக்கட்டும். குடும்பச் செலவுக்கு அவன் இவ்வளவு, அவள் இவ்வளவு என்று இருவரும் பேசிப் போடட்டும். தம்பியின் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதுவரை அம்மா வீட்டுக்கு மாதம் ஒரு தொகை அனுப்ப வேண்டும் என்று அவள் நினைக்கிறாள். அதை மறைத்து அனுப்பக் கூடாது. முன்பே சொல்லிவிட வேண்டும். மகன் தன் அம்மாவுக்குப் பணம் கொடுத்தால் பாசம் என்கிறோம். மகள் கொடுத்தால் மட்டும் பிறந்த வீட்டுக்கு அள்ளிக் கொடுக்கிறாள் என்கிறோமே!

சேமநல நிதி என்கிற பி.எப். பணத்தையும் மறக்கக் கூடாது. அடிப்படைச் சம்பளத்தில் 100-க்கு 12 ரூபாய் பிடிக்கிறார்கள். அதே அளவு முதலாளியும் போடுகிறார். இந்த நிதியின் விதிகளில் நெடுங்காலம் ஒரு சலுகை இருந்தது. அப்போது வேலையை விட்டவர் முழுப் பணத்தையும் எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்காக வேலையை விட்ட பெண் மட்டும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை! சலுகைதான். ஆனால் கல்யாணம் என்றால் பெண் வேலையை விடுவாள் என்று விதி எழுதியவர்களே நினைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

கல்யாணச் செலவுக்கு என்று அந்தப் பணத்தைத் துடைத்து எடுத்துவிடும் வீடுகள் அதிகம். பந்தலுக்கும் வீடியோவுக்கும் அது போய்விடும். மொத்தம் பத்து வருஷம் வேலை செய்தால் 58 வயதில் ஓய்வூதியம் கிடைக்கும். நடுவில் கணக்கை முடித்துவிட்டால் பழைய வருஷங்கள் போய்விடும். ஆலை மாறினாலும் பி.எப். எண் ஒன்றுதான். பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு சின்ன விஷயம். சின்னது போலத் தெரியும், பிறகு பெரிய தொல்லை கொடுக்கும். அதுதான் இனிஷியல். கல்யாணமானதும் அப்பா பெயரின் எழுத்தை எடுத்துவிட்டுக் கணவன் பெயரின் எழுத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். ஆதாரில் ஒரு எழுத்து. சர்டிபிகேட்டில் ஒரு எழுத்து. பாங்கியில் இன்னொன்று. பி.எப். பணம் கேட்டால் "பெயர் பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு எழுத்துக்காக எத்தனை பெண்கள் கைக்குழந்தையோடு ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள்! கல்யாணமானால் இனிஷியலை மாற்றியே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மாற்ற விருப்பம் என்றால் எல்லாத் தாள்களிலும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். விருப்பம் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். கணவன் மேல் உள்ள அன்பு ஒரு எழுத்தினால் குறைந்துவிடாது.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை

இதை எல்லாம் பேசினால் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று அப்பா பயப்படுகிறார். பெண்ணைப் பெற்றவரின் பயம் நமக்குப் புரிகிறது. நல்ல இடம் கை நழுவினால் ஊர் என்ன சொல்லும்? ஆனால், நகைக்காக அந்த வீட்டில் ஒரு மணி நேரம் பேரம் பேசினீர்களே, அதனால் சம்பந்தம் முறிந்ததா?

மாப்பிள்ளைப் பையனும் அன்று ஒன்றும் பேசவில்லை. அவன் மனசில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை அவள் வேலைக்குப் போக வேண்டும் என்றுகூட அவன் நினைக்கலாம். அம்மா எதிரில் எப்படிச் சொல்வது என்று தயங்கி இருக்கலாம். பஜ்ஜித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், பாவம்.

அன்று ராத்திரி அந்தப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா கவனித்தாள். "என்னடி?" என்றாள். "ஒண்ணுமில்லே" என்று சொல்லிவிட்டு, அலாரத்தை 4-15-க்கு வைத்துவிட்டுப் படுத்தாள். மறுநாள் திங்கட்கிழமை. காலை ஷிப்டு. அப்பா டார்ச் விளக்கோடு கூடவே போனார். வழியில் இருவரும் பேசவில்லை.

அந்த டீக்கடை முனையில் பஸ்ஸுக்காகக் காத்திருக்க ஐந்து நிமிடம் இருக்கும். மகளைக் கேட்க அது போதும். பிறகு மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு போன். அதிகம் பேச வேண்டியதில்லை. இப்படிச் சொல்லலாம்: "சம்மந்தி, பொண்ணு வேலையைப் பத்தி அன்னிக்கு நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு தடவை உட்கார்ந்து பேசுவோம். மாப்பிள்ளையையும் அழைச்சுக்கிட்டு வாங்க. எங்க பொண்ணும் கூட உட்காருவா."